நாம் ஜெயித்தோமா, தோற்றோமா? தேர்தல் முடிவு பற்றி வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 ஜூன் 4-ஆம் தேதி மக்களவைத் தேர்தல் முடிவு வந்தது. அன்றிலிருந்து மூன்று வாரமாகத் தண்டையார்பேட்டையில் எங்கள் தெருப் படிப்பகத்துக்கு வருகிறவர்கள் பேப்பரை மடித்து வைத்துவிட்டு ஏதாவது ஒரு கேள்வியைக் கேட்காமல் போவதில்லை. நான் பள்ளி ஆசிரியையாக இருந்து 2019-இல் ஓய்வு பெற்றவள். பல தேர்தல்களில் வாக்குச்சாவடிப் பணி செய்திருக்கிறேன். "டீச்சருக்குத் தெரிந்திருக்கும்" என்று என்னிடம் வருகிறார்கள். வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். எந்தக் கட்சிக்கு ஆதரவாகவும் இதை எழுதவில்லை. எனக்கென்று ஒரு ஓட்டு இருக்கிறது. அதை ஏப்ரல் 19-ஆம் தேதியே போட்டுவிட்டேன்.

கடைசியில் நாம் ஜெயித்தோமா, தோற்றோமா?

இதை முதலில் கேட்டவர் தெருமுனையில் வண்டி போட்டு இஸ்திரி செய்பவர். ஜூன் 4 சாயங்காலம் என் புடவைகளை வாங்கப் போனபோது, பெட்டியைத் தண்ணீர் தொட்டுச் சூடு பார்த்துக்கொண்டே கேட்டார். மதியம் அதே முனையில் சரவெடி வெடித்து லட்டு கொடுத்தார்கள். சாயங்காலம் அதே ஆட்கள் டீக்கடை டிவி முன்னால் பேசாமல் நின்றார்கள். அவருக்குக் குழப்பம் வந்ததில் நியாயம் இருக்கிறது.

கணக்கு இதுதான். தமிழ்நாட்டில் 39 தொகுதி, புதுச்சேரி ஒன்று, ஆக 40. நாற்பதையும் தி.மு.க. தலைமையிலான அணி எடுத்தது. நம் வடசென்னைத் தொகுதியில் தி.மு.க.வின் கலாநிதி வீராசாமி மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் மீண்டும் வென்றார். ஆனால் நாடு முழுவதும் உள்ள 543 இடங்களில் பா.ஜ.க. கூட்டணி 293 பெற்றது. பெரும்பான்மைக்கு 272 போதும். ஜூன் 9-ஆம் தேதி நரேந்திர மோடி மூன்றாவது முறையாகப் பிரதமரானார்.

இதோடு கணக்கு முடியவில்லை. 2019-இல் 303 இடங்களோடு தனியாகவே ஆட்சி அமைக்க முடிந்த பா.ஜ.க., இந்த முறை 240-இல் நின்றது. தெலுங்கு தேசத்தின் 16-ம், ஐக்கிய ஜனதா தளத்தின் 12-ம் சேர்ந்துதான் நாற்காலி நிலைத்தது. 52-ஆக இருந்த காங்கிரஸ் 99-ஆனது. உத்தரப் பிரதேசத்தில் 62-ஆக இருந்த பா.ஜ.க. 33-ஆகக் குறைந்தது. ஆக, ஜெயித்தவர்கள் வீட்டில் ஒரு கவலை, தோற்றவர்கள் வீட்டில் ஒரு மகிழ்ச்சி. இஸ்திரிக்காரரிடம் நான் இப்படித்தான் சொன்னேன்: "தொகுதியில் ஒருவர் ஜெயித்தார், டெல்லியில் இன்னொருவர் ஜெயித்தார். நீங்கள் எதற்காக ஓட்டுப் போட்டீர்கள் என்பதை வைத்து நீங்களே முடிவு செய்யுங்கள்." அவர் பதில் சொல்லாமல் அடுத்த புடவையை விரித்தார்.

ஒரே தெரு. ஒரே முடிவு. ஏன் ஆளுக்கொரு முகம்?

ஒவ்வொருவரும் வேறு வேறு கேள்விக்குப் பதிலாக ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். அதனால்தான். எங்கள் தெருவிலேயே நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

பரம்பரையாக உதயசூரியனுக்கு ஓட்டுப் போடும் ஒரு வீடு. பெரியவருக்கு 40-க்கு 40 வந்ததே போதும். 2004-இலும் இப்படித்தான் 40-ம் வந்தது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி மகிழ்ந்தார். அவருடைய மகனுக்கு அது போதவில்லை. டெல்லியில் ஆட்சி மாறும் என்று நம்பி ஆறு வாரம் காத்திருந்தவன் அவன். அன்றிரவு சாப்பிடாமல் படுத்துவிட்டானாம். ஒரே வீட்டில், ஒரே சின்னத்துக்குப் போட்ட இரண்டு ஓட்டு. ஒன்றுக்குத் திருப்தி, ஒன்றுக்கு ஏமாற்றம்.

எதிர்வீட்டு அம்மா இரட்டை இலை. அவர் ஓட்டுப் போடத் தொடங்கிய நாளிலிருந்து வேறு பட்டனை விரல் தொட்டதில்லை. எங்கள் டாக்டர் ராதாகிருஷ்ணன் நகர் (ஆர்.கே. நகர்) சட்டமன்றத் தொகுதிக்கு ஜெயலலிதா எம்.எல்.ஏ.வாக இருந்த நாட்களை அவர் நேற்று நடந்ததுபோலப் பேசுவார். இந்த முறை அ.தி.மு.க. ஓர் இடம்கூடப் பெறவில்லை. அவர் அழவில்லை, கோபப்படவும் இல்லை. அன்று முழுக்க டிவியை மட்டும் போடவில்லை. வடசென்னையில் இரண்டாம் இடம் இரட்டை இலைக்குத்தான் என்று மறுநாள் பேப்பரைக் காட்டினேன். கண்ணாடியை வாங்கிப் போட்டு, எண்களை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார்.

ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஒருவர் தாமரைக்குப் போட்டதாக வெளிப்படையாகவே சொல்வார். நாட்டுக்கு நிலையான தலைமை வேண்டும் என்பது அவர் எண்ணம். பிரதமர் மீண்டும் வந்ததில் அவருக்கு நிம்மதி. ஆனால் 400 வரும் என்று எதிர்பார்த்திருந்தவர் என்பதால், அந்த நிம்மதியைச் சத்தமாகக் கொண்டாட அவரால் முடியவில்லை. தமிழ்நாட்டில் ஓர் இடமும் இல்லையே என்ற வருத்தமும் சேர்ந்துகொண்டது. தெருவே ஒரு பக்கம் நிற்கும்போது மறுபக்கம் நிற்பவரின் தனிமை லேசானதல்ல. நான் அவரோடு பல விஷயங்களில் ஒத்துப்போகாதவள். ஆனாலும் அன்று அவர் கடை வாசலில் நின்று பத்து நிமிடம் பேசிவிட்டுத்தான் வந்தேன்.

பழைய வண்ணாரப்பேட்டையில் என்னோடு வேலை பார்த்த முஸ்லிம் ஆசிரியை ஒருவர் இருக்கிறார். குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராக 2020 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையில் பெண்கள் நாள்கணக்கில் உட்கார்ந்தபோது அவரும் போய் உட்கார்ந்தவர். அந்தச் சட்டத்தின் விதிகளைத் தேர்தலுக்குச் சற்று முன்பு, 2024 மார்ச் 11-ஆம் தேதிதான் அறிவித்தார்கள். அவருக்கு இந்தத் தேர்தல் விலைவாசியோ சாலையோ பற்றியது இல்லை. 240 என்ற எண் திரையில் நிலைத்து நின்றதும் போன் செய்தார். "டீச்சர், இனிமேல் யாரையாவது கேட்டுத்தானே எதையும் செய்ய வேண்டும்?" என்றார். ஆட்சி மாறவில்லை என்பது அவருக்குத் தெரியும். இருந்தும் அவர் குரலில் இருந்தது ஆறுதல். அதே முடிவுக்கு என் பக்கத்து வீட்டு மகன் சாப்பிடாமல் படுத்தான் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

முதல் ஓட்டுப் போட்ட ஒரு பெண் கல்லூரியில் படிக்கிறாள். நாம் தமிழர் கட்சிக்குப் போட்டாள். அந்தக் கட்சி எங்கும் ஜெயிக்கவில்லை. மாநிலம் முழுக்க 8 சதவீதத்துக்கு மேல் வாங்கியது. அவளுக்கு அதுவே வெற்றி. பெரியவர்கள் "ஓட்டை வீணாக்கிவிட்டாயே" என்றபோது அவள் முகம் சுருங்கியதுதான் எனக்கு வலித்தது. அதைப் பற்றித் தனியாகவே ஒரு கேள்வி வந்தது; கீழே சொல்கிறேன்.

காசிமேட்டில் ஏன் பெரிய ஆரவாரம் இல்லை?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஓட்டுப் போட்ட நாளும் அதற்குள், எண்ணிய நாளும் அதற்குள். விசைப்படகுகள் எல்லாம் துறைமுகத்தில் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. வருமானம் இல்லாத வீட்டில் பட்டாசு வெடிக்கக் கை வராது. ஜூன் 4 காலையில் நான் அங்கே போனபோது சிலர் வலை பின்னிக்கொண்டும், சிலர் படகின் அடிப்பலகைக்கு வண்ணம் பூசிக்கொண்டும் இருந்தார்கள். ஒரு படகின் முகப்பில் கைப்பேசியைச் சாய்த்து வைத்து நாலு பேர் முன்னிலை நிலவரம் பார்த்தார்கள். "யார் வந்தாலும் டீசல் விலை குறையுமா என்று பாருங்கள்" என்றார் அவர்களில் மூத்தவர்.

இதை அக்கறையின்மை என்று எழுதிவிடக் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தில் படகும் வலையும் கறுத்துப் போயின. அதே மாதக் கடைசியில் எண்ணூர் பெரியகுப்பத்தில் நள்ளிரவில் அமோனியா கசிந்து மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். அதற்குப் பிறகு நான்கு மாதத்துக்குள் ஓட்டுக் கேட்டு எல்லாக் கட்சியும் வந்தது. இத்தனையும் பார்த்துவிட்டு ஒரு மீனவர் வரிசையில் நின்று ஓட்டுப் போடுகிறார் என்றால் அதைவிடப் பெரிய அக்கறை எது? அவர் முடிவைப் பார்த்துக் குதிக்காமல் இருப்பது அவர் உரிமை.

கருத்துக்கணிப்பு எல்லாம் வேறு மாதிரி சொன்னதே?

சொன்னது. ஜூன் 1 மாலை கடைசிக்கட்ட வாக்குப்பதிவு முடிந்ததும் வந்த கணிப்புகளில் பெரும்பாலானவை பா.ஜ.க. கூட்டணிக்கு 350-க்கு மேல் கொடுத்தன. சில 400-ஐத் தொட்டன. அதை நம்பி ஜூன் 3-ஆம் தேதி பங்குச்சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 2,500 புள்ளிக்கு மேல் ஏறியது. மறுநாள் 4,389 புள்ளி சரிந்தது. திருவொற்றியூரில் என் தங்கை மகன், செல்போனிலேயே பங்கு வாங்கி விற்பவன், அந்த ஒரே நாளில் மூன்று மாதச் சேமிப்பை இழந்தான். அவனுக்கு இந்தத் தேர்தல் முடிவு எந்தக் கட்சியைப் பற்றியதும் இல்லை.

ஜூன் 4 அன்று மக்கள் காட்டிய உணர்ச்சியில் பாதி, முந்தைய மூன்று நாள் கணிப்பு கிளப்பிவிட்டது என்றே நினைக்கிறேன். 400 எதிர்பார்த்தவருக்கு 293 தோல்விபோலத் தெரிந்தது. எதிரணியான இந்தியா கூட்டணிக்கு 100-கூட வராது என்று பயந்தவருக்கு அதன் 234 வெற்றிபோலத் தெரிந்தது. நாம் ஓட்டுப் போட்டது ஏப்ரல் 19, எண்ணியது ஜூன் 4. நடுவில் 46 நாள். அவ்வளவு நாள் வெறும் வாயை மென்றவர்களுக்கு ஜூன் 1-இல் அவல் கிடைத்தது.

தமிழ்நாடு ஒரு பக்கம், டெல்லி ஒரு பக்கம் என்பது இதற்கு முன் நடந்திருக்கிறதா?

பலமுறை. 2014-இல் தமிழ்நாட்டில் அ.தி.மு.க. தனியாக 37, டெல்லியில் பா.ஜ.க. தனிப் பெரும்பான்மை. 2019-இல் தி.மு.க. அணிக்கு 38, டெல்லியில் மறுபடி பா.ஜ.க. 1989-இல் இங்கே காங்கிரஸ்–அ.தி.மு.க. அணி ஏறத்தாழ எல்லாவற்றையும் எடுத்தது, டெல்லியில் வி.பி. சிங் பிரதமரானார்.

ஆனால் எனக்கு மறக்காதது 1977. அப்போது எனக்கு 16 வயது. அப்பா பெரம்பூரில் பின்னி மில் தொழிலாளி. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த மில் வட்டாரம் அது. தொழிற்சங்கத்தில் தலைமை ஏற்று நின்ற திரு.வி.க. பெயரில்தான் இன்று நம் தொகுதிக்குள் ஒரு சட்டமன்றத் தொகுதியே இருக்கிறது. நெருக்கடி நிலைக்குப் பிறகு வந்த முதல் தேர்தல். மார்ச் 20 இரவு எங்கள் வரிசையில் ரேடியோ இருந்த ஒரே வீட்டுத் திண்ணையில் ஆண்கள் எல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா என்னை வாசலுக்கு விடவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

தமிழ்நாட்டில் அ.தி.மு.க.–காங்கிரஸ் அணி 34 இடங்களில் வென்றது. மாநிலத்தின் பெரும்பகுதி ஒரு பக்கம் போனபோது வடசென்னை தி.மு.க.வின் ஏ.வி.பி. ஆசைத்தம்பியை அனுப்பியது. வடக்கிலோ இந்திரா காந்தியே ரேபரேலியில் தோற்றுப்போனார். மாநிலத்தில் தோற்ற கட்சிக்காரரான என் அப்பா டெல்லிச் செய்தி கேட்டு மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார். மாநிலத்தில் ஜெயித்த பக்கத்து வீட்டு எம்.ஜி.ஆர். ரசிகர், டெல்லிச் செய்தி எப்படிப் போனால் என்ன என்று இரட்டை விரலைக் காட்டிச் சிரித்தார். ஒருவருக்கொருவர் சண்டை போடவில்லை. விடிந்ததும் மில் சங்கு ஊதியது. இருவரும் ஒரே ஷிப்டுக்குத் தூக்குப்பாத்திரம் எடுத்துக்கொண்டு சேர்ந்து நடந்து போனார்கள். அந்த மில் 1996-இல் மூடப்பட்டுவிட்டது. அந்த இரண்டு பேர் நடந்துபோன தோற்றம் என் கண்ணில் அப்படியே இருக்கிறது.

1984-இல் இந்திரா மரணத்தின் அனுதாப அலையிலும் தமிழ்நாட்டில் தி.மு.க. பெற்ற இரண்டே இடங்களில் ஒன்று வடசென்னை, என்.வி.என். சோமு வென்றார். அதே வடசென்னை 1989-இலும் 1991-இலும் கை சின்னத்தில் நின்ற தா. பாண்டியனைத் தேர்ந்தெடுத்தது, 2014-இல் அ.தி.மு.க.வையும் தேர்ந்தெடுத்தது. "இது இன்னாருடைய கோட்டை" என்று யார் சொன்னாலும் நான் இந்த வரிசையைச் சொல்வேன்.

தோற்றவருக்குப் போட்ட ஓட்டு வீண்தானே?

இல்லை. மேலே சொன்ன கல்லூரிப் பெண்ணுக்கு நான் சொன்னது இதுதான். பதிவான செல்லுபடியாகும் வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் வேட்பாளருக்கு 25,000 ரூபாய் டெபாசிட் திரும்பக் கிடைக்கும். ஒரு கட்சிக்கு அங்கீகாரமும் நிலையான சின்னமும் கிடைப்பது வாங்கிய வாக்கு விகிதத்தைப் பொறுத்தது. அடுத்த தேர்தலில் யாரோடு கூட்டணி, எத்தனை இடம் என்று பேசுகிற மேசையில் முதலில் வைக்கப்படுவதும் இந்த எண்தான். ஜெயித்தவரும் தன் வித்தியாசம் ஏறியதா இறங்கியதா என்றுதான் பார்க்கிறார்.

நம் மக்கள் ஓட்டை எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துப் போடுகிறார்கள் என்பதற்கு 2019 ஒரு சாட்சி. மக்களவையில் தி.மு.க. அணிக்கு அள்ளிக் கொடுத்தார்கள். அதே காலத்தில் நடந்த 22 சட்டமன்ற இடைத்தேர்தல்களில் 9 இடங்களை அ.தி.மு.க.வுக்குக் கொடுத்து அதன் மாநில ஆட்சியைக் காப்பாற்றினார்கள். பெரம்பூரிலும் அப்போது இடைத்தேர்தல், அங்கே தி.மு.க. ஜெயித்தது. ஒரே வரிசையில் நின்று இரண்டு இயந்திரத்தில் இரண்டு விதமாக யோசிக்கத் தெரிந்தவர்களுக்கு "உன் ஓட்டு வீண்" என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இயந்திரத்தில் ஏதோ செய்துவிட்டார்கள் என்கிறார்களே?

தோற்ற பக்கத்திலிருந்து ஒவ்வொரு முறையும் இந்தப் பேச்சு எழுகிறது. இந்த முறை இரண்டு பக்கத்துக்கும் கொஞ்சம் வெற்றி கிடைத்ததால் சத்தம் குறைவு. சந்தேகப்படுவது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்து சந்தேகப்படுங்கள்.

காலையில் வாக்குப்பதிவு தொடங்கும் முன் ஏஜென்டுகள் கண்முன்னால் மாதிரி வாக்குப்பதிவு நடத்துவோம். குறைந்தது 50 ஓட்டாவது போட்டு, எண்ணிக் காட்டி, அழித்து, பிறகுதான் சீல் வைப்போம். மாலையில் 'குளோஸ்' பட்டனை அழுத்திவிட்டால் அதற்குமேல் ஓர் ஓட்டும் ஏறாது. அதன் பிறகு 17சி படிவம். இந்தச் சாவடியில் மொத்தம் இத்தனை ஓட்டுப் பதிவானது என்று எழுதி, ஒவ்வொரு ஏஜென்டிடமும் நகல் கொடுத்துக் கையெழுத்து வாங்குவோம். பகலெல்லாம் மின்விசிறி இல்லாத வகுப்பறையில் உட்கார்ந்துவிட்டு, வியர்வை படிவத்தில் சொட்டிவிடாமல் கைக்குட்டையை மணிக்கட்டுக்குக் கீழே வைத்து அதை எழுதியிருக்கிறேன். எண்ணும் நாளில் இயந்திரம் காட்டும் மொத்தமும் அந்தத் தாளில் உள்ள மொத்தமும் ஒன்றாக இருக்க வேண்டும். அதோடு ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிக்கும் குலுக்கலில் எடுத்த 5 சாவடிகளின் விவிபேட் சீட்டுகளை, அதாவது போட்ட சின்னம் அச்சாகி விழும் சீட்டுகளை, எண்ணி ஒப்பிடுகிறார்கள். எல்லாச் சீட்டையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரல் 26-இல் ஏற்கவில்லை. ஆனால் இரண்டாம், மூன்றாம் இடம் வந்தவர்கள் கட்டணம் செலுத்தி 5 சதவீத இயந்திரங்களைச் சோதிக்கக் கேட்கலாம் என்று வழி விட்டது.

பூத் ஏஜென்டாக உட்காரும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். பிரியாணிப் பொட்டலம் வந்ததும் எழுந்து போய்விடாதீர்கள். 17சி நகலை வாங்காமல் சாவடியை விட்டு வெளியே வராதீர்கள்.

எங்கள் தெரு யாருக்குப் போட்டது என்று கட்சிக்காரர்களுக்குத் தெரிந்துவிடுமா?

நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்பது யாருக்கும் தெரியாது. உங்கள் சாவடியில் யாருக்கு எத்தனை என்பது தெரியும். படிவம் 20 என்று ஒன்று உண்டு. சாவடி வாரியாக எண்ணிக்கை அதில் வெளியாகும். ஒரு சாவடி என்பது சில தெருக்கள்தான் என்பதால், 'அந்தத் தெருக்காரர்கள் நமக்குப் போடவில்லை' என்ற பேச்சு கிளம்புகிறது. குழாயில் தண்ணீர் வராததற்குக்கூட அதைக் காரணமாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

காகித ஓட்டு இருந்த காலத்தில் பல பெட்டிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ண முடிந்தது. இயந்திரங்களிலும் பல சாவடி ஓட்டைச் சேர்த்து எண்ணும் கருவியைக் கொண்டுவரச் சட்ட ஆணையம் தன் 255-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. இன்னும் வரவில்லை. வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. குடிசைப் பகுதிகள் நிறைந்த நம் பகுதிக்கு அது மற்ற எவருக்கும் முன்னால் தேவை.

பணம் வாங்கிக்கொண்டு போட்டவர்களுக்கு முடிவைப் பற்றிப் பேச உரிமை உண்டா?

உண்டு. பணம் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். 2017 ஏப்ரலில் எங்கள் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலையே பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தல் ஆணையம் ரத்து செய்தது. அன்று ஊரெல்லாம் எங்களைத்தான் பேசினார்கள். கொடுத்தவர்களைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. அந்த அவமானம் எனக்கு இன்னும் ஆறவில்லை. சாவடிக்குள் மறைப்புக்குப் பின்னால் நிற்கும்போது விரல் அவரவருடையது. அந்த ஓட்டுக்குப் பொறுப்பும் பேச்சுரிமையும் அவரவருக்கே.

நோட்டா அதிகமானால் தேர்தல் ரத்தாகுமா?

ஆகாது. 2013-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்த பட்டன் அது. மற்றவர்களில் அதிகம் வாங்கியவர்தான் ஜெயித்தவர்.

வடசென்னைக்காரர்கள் ஓட்டே போடுவதில்லை என்கிறார்களே?

தவறு. இந்த முறை வடசென்னையில் 60 சதவீதம் பதிவானது. தென்சென்னையிலும் மத்திய சென்னையிலும் 54 சதவீதத்தை ஒட்டித்தான். மாநிலத்தின் 69.7 சதவீதத்தோடு பார்த்தால் நாமும் குறைவுதான், அதை மறைக்கவில்லை. ஆனால் நகரத்தில் முன்னால் நிற்பது நாம்.

மணலியிலும் மாதவரத்திலும் வேலை செய்யும் வடமாநிலத்தவர்களுக்கு இந்த முடிவு என்னவாக இருந்தது?

எங்கள் தெருக்கோடியில் கட்டட வேலை செய்யும் பீகார் பையன்கள் ஆறு பேர் தங்கியிருக்கிறார்கள். ஆறு பேருக்கும் ஊரில் ஓட்டு இருக்கிறது. ஒருவர்கூடப் போடவில்லை. ரயில் செலவும் இழக்கும் கூலியும் சேர்ந்தால் ஒரு மாதச் சாப்பாடு. ஜூன் 4 அன்று அவர்கள்தான் எல்லோரையும்விட ஆர்வமாகக் கைப்பேசியில் முடிவு பார்த்தார்கள். தங்கள் மாவட்டம் வந்ததும் ஒருவன் மற்றவனைத் தட்டிக் காட்டினான். யாருக்கு எதிர்பார்த்தாய் என்று கேட்டதற்கு, "நான் போடவில்லையே, அம்மா" என்றான், ஏதோ குற்றம் செய்தவன்போல.

வெளியூரில் இருந்தபடியே ஓட்டுப் போடும் இயந்திரம் ஒன்றைத் தேர்தல் ஆணையம் 2022 கடைசியில் முன்வைத்தது. கட்சிகள் ஒத்துக்கொள்ளவில்லை, அது நின்றுவிட்டது. மும்பையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கும் இதே கதிதான்.

எதிர்க்கட்சி எம்.பி.யை அனுப்பி நமக்கு என்ன பயன்?

இதைக் கேட்பவர்கள் சலிப்பில் கேட்கிறார்கள். சலிப்பு புரிகிறது. ஆனால் எந்தப் பக்கத்து எம்.பி.க்கும் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடிதான். கேள்வி நேரமும் நிலைக்குழுவும் இரு பக்கத்துக்கும் பொது. பெரும்பான்மை மெலிந்த அவையில் எதிர்வரிசையின் குரலுக்கு முன்னைவிட எடை கூடும் என்று நம்புகிறேன். எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பலைப் பற்றியும், துறைமுகக் கண்டெய்னர் லாரிகளால் எண்ணூர் நெடுஞ்சாலையில் போகும் உயிர்களைப் பற்றியும் எத்தனை கேள்வி கேட்டார் என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை மக்களவை இணையதளத்தில் பார்க்கலாம். படிப்பகத்தில் அதை அச்செடுத்து ஒட்டப் போகிறேன். அந்தத் தாளின் கீழே ஜெயித்தவருக்குப் போட்டவரும் தோற்றவருக்குப் போட்டவரும் ஒன்றாக நிற்கலாம்.

தேர்தலால் வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுவிட்டது. என்ன செய்வது?

பெரம்பூரிலிருந்து ஒரு தாய் கேட்டார். தந்தையும் மகனும் முடிவு வந்த இரவு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சண்டை போட்டு, மகன் குழுவிலிருந்து வெளியேறிவிட்டான். இருவரும் ஒரே கூரைக்குள் இருக்கிறார்கள்; சாப்பாடு வேறு வேறு நேரத்தில்.

அந்தத் தாயிடம் நான் ஒன்றுதான் சொன்னேன். யார் சரி என்று பேச விடாதீர்கள், எதற்கு பயந்தார்கள் என்று கேளுங்கள். தந்தை பயந்தது ஓய்வூதியத்துக்காகவும் நாட்டின் பாதுகாப்புக்காகவும். மகன் பயந்தது வேலைக்காகவும் தன் நண்பர்களுக்காகவும். இந்தப் பயங்கள் ஒன்றோடொன்று மோதவில்லை, சின்னங்கள்தான் மோதின. கேலிப் படம் அனுப்புவதை மட்டும் இரண்டு பேரும் நிறுத்த வேண்டும். தோற்றவனுக்கு அது முகத்தில் உமிழ்வதுபோல இருக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டதாக அந்தத் தாய் போனில் சொன்னார். வஞ்சிரம் வறுத்தாராம்.

பட்டியலில் பெயரே இல்லாதவர்கள் என்ன செய்ய வேண்டும்?

புதிதாகச் சேர்க்கப் படிவம் 6. முகவரி மாற்றத்துக்கும் திருத்தத்துக்கும் படிவம் 8. 18 வயது நிறைவைக் கணக்கிட ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதி என ஆண்டுக்கு நான்கு வாய்ப்பு உண்டு. தேர்தல் அறிவித்த பிறகு ஓடாதீர்கள், இப்போதே போடுங்கள்.

எங்கள் தெருவில் பூ கட்டும் ஒரு பெண்மணி ஏப்ரல் 19 காலையில் தலைக்குக் குளித்து, அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு சாவடிக்குப் போனார். பட்டியலில் பெயர் இல்லை. ஒரு தெரு தள்ளி வீடு மாறியிருந்தார். மூன்று மேசைக்கும் அலைந்து, மை வைக்காத விரலோடு வீடு திரும்பினார். ஜூன் 4 அன்று தெருவே டிவி முன்னால் இருந்தபோது அவர் மட்டும் வாசலில் உட்கார்ந்து கதம்பம் கட்டிக்கொண்டிருந்தார். யார் முன்னிலை என்று யாரோ கத்திச் சொன்னபோதும் தலை நிமிரவில்லை. அன்று நான் பார்த்த முகங்களில் என்னால் மறக்க முடியாதது அதுதான். ஜெயித்தோம் என்று சொல்லவும் தோற்றோம் என்று சொல்லவும் அவருக்கு இடமே கிடைக்கவில்லை.

போன வாரம் படிவம் நிரப்பக் கூட்டிப் போனேன். மின்கட்டண ரசீது வீட்டுக்காரர் பெயரில் இருந்ததால் கேஸ் புத்தகத்தை முகவரிச் சான்றாகக் கொடுத்தோம். ஒப்புகைச் சீட்டை வாங்கியதும் அதில் தன் பெயரை ஒருமுறை படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். நாலாக மடித்து ரேஷன் அட்டை உறைக்குள் வைத்துக்கொண்டார்.